வானத்தில் நாலு மணி, தரையில் எட்டு மணி

சென்னையிலிருந்து துபாய்க்கு நேர்வழியில் சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் காலை 10 மணிக்கு இரண்டு விமானங்களும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் துபாய் விமானம் பகல் 12.45-க்கே போய்ச் சேரும். சிங்கப்பூர் விமானமோ மாலை 5 மணி என்று காட்டும். இதில் மாயம் ஒன்றுமில்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் அச்சிடுகிறார்கள். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இரண்டுக்கும் பிடிக்கும் நேரம் நாலேகால், நாலரை மணிதான். நம் ரயில்வேயும் இந்தக் கூத்தைக் கண்டதுதான். 1906-ல் இந்திய நேரம் வருவதற்கு முன் சென்னைக்குத் தனி மணி இருந்தது. இன்றைய கணக்குக்கு அது 9 நிமிடம் பின்னால்.

துபாயிலிருந்து திரும்பும்போது நேரம் சற்றுக் குறையும். உயரத்தில் வீசும் மேல்காற்று, முக்கியமாகக் குளிர்காலத்தில், கிழக்கே வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஆகாயக் கணக்கு மட்டும் போதாது. சித்தூரிலிருந்து ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர மூன்றரை மணி. விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக ஆஜராக வேண்டும். இறங்கிய பின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது என்று ஒன்றரை மணி. ஆக, தரையில் மட்டும் எட்டு மணி போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தேதி. 15-ஆம் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால், அது 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி. சித்தூர்க்காரர் 14-ஆம் தேதி மாலை 6 மணிக்கே பஸ் ஏறியாக வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாவகாசமாகப் போய் நிற்பவருக்கு விமானமும் இல்லை, பல வேளை டிக்கெட் பணமும் இல்லை. கடன் வாங்கிப் போகிறவருக்கு இது சின்ன அடியா? நள்ளிரவுக்கு மேல் புறப்படும் ரயில்களுக்கு ரிசர்வேஷன் செய்கிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ரேணிகுண்டா விமான நிலையம் துபாய்க்குச் சென்னையைவிடச் சுமார் 90 கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. 2015-ல் புதுக் கட்டடம் திறந்தார்கள். 2017-ல் பன்னாட்டு நிலையம் என்ற பெயரும் கிடைத்தது. பெயர் வந்து பல ஆண்டுகள் சென்றும் வழக்கமான வெளிநாட்டு விமானம் வரவில்லை. விமானத்துக்கு 90 கிலோமீட்டர் ஏழெட்டு நிமிட வேலை. மிச்சமாவது தரையில் போகும் நேரம். அதுதான் நம்மவர்களுக்குப் பெரிது.

இங்கிருந்து ஹைதராபாத் போய் மாறலாமே என்றால், போகலாம். ஆனால் இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது கம்பெனிக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.