யானை இருந்தாலும் ஆயிரம் பொன்... தூதரும் அப்படித்தான்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பெரிய நாட்டுத் தூதர்களும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். பதவியில் இருக்கும்வரை அரசாங்கச் சம்பளம். ஓய்வு பெற்ற மறுநாள்தான் மார்க்கெட்டில் உண்மையான விலை தெரியும் :-)

நல்ல உதாரணம் ஃபிராங்க் விஸ்னர். 2025 பிப்ரவரியில், 86 வயதில் காலமான அமெரிக்க ராஜதந்திரி. 1961ல் வெளியுறவுப் பணிக்கு வந்தவர். ஜாம்பியா, எகிப்து, பிலிப்பைன்ஸ், கடைசியாக நம்ம இந்தியா (1994-97) என்று நாலு நாட்டில் தூதர். மனுஷன் பழம் தின்று கொட்டை போட்டவர், அதில் சந்தேகமே இல்லை.

அவர் டெல்லியில் இருந்த காலத்தில்தான் என்ரான் கூத்து நடந்தது. மகாராஷ்டிராவில் தாபோல் மின் திட்டத்தை 1995 ஆகஸ்டில் சிவசேனா-பாஜக அரசு ரத்து செய்தது. அமெரிக்க அரசு கொடுத்த அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. 1996ல் பேரம் பேசி திட்டம் திரும்ப உயிர் பெற்றது. சொந்த நாட்டுக் கம்பெனிக்காகத் தூதர் பேசுவது தப்பா? இல்லைங்க, அதுவும் அவர் வேலைதான். ஆனால் 1997ல் பதவி முடிந்த சில மாதங்களிலேயே என்ரான் ஆயில் அண்ட் கேஸ் கம்பெனியின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்துவிட்டார். அது தாபோலை நடத்திய கம்பெனி இல்லை, என்ரானின் இன்னொரு கிளை. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? (தாபோல் கதை தெரியும்தானே? 2001ல் ஆலை மூடல், அதே டிசம்பரில் என்ரான் திவால்.)

அப்புறம் ஏ.ஐ.ஜி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துணைத் தலைவர். 2009ல் பேட்டன் பாக்ஸ் என்ற வாஷிங்டன் சட்ட நிறுவனத்தில் சர்வதேச விவகார ஆலோசகர்.

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. 2011 ஜனவரியில் எகிப்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, முபாரக்கிடம் பேச ஒபாமா அனுப்பிய ஆள் இதே விஸ்னர். திரும்பி வந்ததும், பிப்ரவரி 5ம் தேதி, மாற்றம் நடக்கும்வரை முபாரக் பதவியில் நீடிப்பது அவசியம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று அமெரிக்க அரசு கைகழுவியது. ஆறே நாளில் முபாரக் பதவி விலகினார். பேட்டன் பாக்ஸோ எகிப்து அரசுக்கும் ராணுவத்துக்கும் வேலை பார்த்ததாகத் தன் இணையதளத்திலேயே போட்டிருந்தது. அது விஸ்னர் சேர்வதற்கு முந்தைய கதை என்று நிறுவனத் தரப்பு மறுத்தது.

என் கருத்து? அவர் மனசார நம்பித்தான் சொல்லியிருப்பார். கெய்ரோவில் அஞ்சு வருஷம் தூதராக இருந்தவர், முபாரக்கை நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அந்தப் பேச்சு அனுபவத்தின் குரலா, வாடிக்கையாளரின் குரலா என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதுதான் பிரச்னையே. நேர்மையான ஆலோசனைக்கும் மரியாதை போய்விடுகிறது.

இந்தத் தொழிலுக்கே பெரியண்ணன் கிஸ்ஸிஞ்சர். 1982ல் ஆலோசனைக் கம்பெனி ஆரம்பித்தார். 2002ல் செப்டம்பர் 11 விசாரணைக் குழுவுக்குத் தலைவராக நியமித்தார்கள். வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டு என்ற பேச்சு வந்ததும், தலைவர் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். பட்டியல் அவ்வளவு ஒசத்தி!

நம்ம ஊரிலும் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி ஒரு வருஷத்துக்குள் தனியார் வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும். ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் பதவியில் ஓய்வு பெற்றார், ஏப்ரலில் டாடா சன்ஸுக்குப் போனார், 2019 மே மாதம் அமைச்சர். அனுமதி வாங்கித்தான் போனார். ஆனால் அனுமதி கொடுப்பதும் அரசு, திரும்பக் கூப்பிடுவதும் அரசு என்றால் அந்த விதிக்கு என்ன பல் இருக்கிறது?

வேலைக்கே போகாதே என்று சொல்லவில்லை. முப்பது வருஷ அனுபவத்தைப் பரணில் போடச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் அந்த அனுபவமும் தொடர்புகளும் மக்கள் வரிப்பணத்தில் வந்தவை. அதனால் ஒரே ஒரு கண்டிஷன்: அரசாங்க வேலைக்குத் திரும்ப வந்தாலோ, டிவியில் நிபுணராக உட்கார்ந்தாலோ, யாரிடம் காசு வாங்குகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் பேசுங்கள், நாங்க கேட்டுக்கறோம்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே? பின்னூட்டத்துல வந்து கும்முங்க.