யாருக்கு எழுதுகிறோம்?

ஒரே மனிதர் ஒரே நாளில் பலவகையாக எழுதுகிறார். காலையில் வெளியூரிலிருக்கும் மகளுக்குக் கைபேசியில் இரண்டு வரி. நண்பகலில் சங்கத்தின் நாள்வழிப் புத்தகத்தில் வரவு செலவு. மாலையில் மேலிடத்திற்கு ஒரு விண்ணப்பம். மூன்றும் தமிழே. ஆயினும் மகளுக்கு எழுதுவது போல் அவர் நாள்வழியில் எழுதுவதில்லை. விண்ணப்பத்தில் எழுதுவது போல் மகளுக்கு எழுதினால், வீட்டில் என்ன நேர்ந்ததோ என்று அவள் அஞ்சிப் போவாள். படிப்பவர் யார், எதன் பொருட்டு எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுத்து தன் நடையை மாற்றிக்கொள்கிறது. பள்ளிக்கூடம் கற்பிக்காமலே மக்கள் பெற்றிருக்கும் அறிவு இது. இவ்வறிவு சங்கத்தின் வாயிற்படியைத் தாண்டியதும் மறைந்துவிடுவது ஏன் என்பதே நமது கேள்வி.

இது நமக்குப் புதிய அறிவன்று. திருக்குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. முதலாம் இராசராசன் காலம் முதலான சோழர் கல்வெட்டுக்களைப் பாருங்கள். தொடக்கத்தில் மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி செய்யுள் நடையில் செல்லும். அதன்பின் நிலத்தின் நான்கெல்லை, அளவு, கொடுத்தவர், பெற்றவர் என்னும் செய்திகள் உரைநடையில் வரும். புகழுக்கு ஒரு நடை, உரிமைக்கு ஒரு நடை. இரண்டும் ஒரே கல்லில். எல்லையைச் சொல்லுமிடத்தில் அலங்காரம் புகுந்தால் நிலம் கைமாறிப் போகும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

நமது சங்கங்களுக்கு வருவோம். விளைவிப்போர் சங்கம் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட அறிக்கை ஏறக்குறைய இவ்வாறு இருந்தது: “பார்வையில் காணும் சுற்றறிக்கையின்படி, அறுவடைக்குப் பிந்தைய இழப்பு நேர்ந்த இனங்களில் உரிய காலக்கெடுவிற்குள் தகவல் அளிக்கத் தவறும் பட்சத்தில் இழப்பீடு கோர இயலாது என்பது இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் காலக்கெடு எவ்வளவு? யாரிடம் தெரிவிப்பது? எத்தகைய இழப்பு? ஒன்றுமே இல்லை. அச்சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் அறுத்த நெல்லை வயலிலேயே உலரவிட்டிருந்தபோது பருவந்தவறிய மழையில் அது முளைத்துவிட்டது. அவர் சங்கத்திற்கு வந்தது ஐந்தாம் நாள். கெடு கடந்துவிட்டது. பலகையிலிருந்த அறிக்கையைப் படிக்கவில்லையா என்று கேட்டோம். “படித்தேன் ஐயா. ஆபீசுக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. அந்த அறிக்கை அவருக்கு எழுதப்பட்டதன்று. மேலிடத்திலிருந்து எவரேனும் வந்து, அறிவிப்புச் செய்தீர்களா என்று கேட்டால் காட்டுவதற்காக எழுதப்பட்டது. சங்கத்தைக் காப்பாற்றும் எழுத்து அது. அங்கத்தினரைக் காப்பாற்றும் எழுத்தன்று.

2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி கடினமானதன்று. இதனை இப்படியும் எழுதலாம்: “அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் காப்பீடு உண்டென்று நமது பகுதிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அறுத்த பயிர் வயலில் உலர்ந்துகொண்டிருக்கிறதா? அறுத்த 14 நாட்களுக்குள் புயல் மழையாலோ, பருவந்தவறிய மழையாலோ, ஆலங்கட்டி மழையாலோ அது கெட்டுப்போனால் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கெட்டால் வியாழக்கிழமை காலைக்குள். கெட்ட அன்றே சங்கத்திற்கு வாருங்கள். தெரிவிக்க வேண்டிய முறையைச் சொல்லித் தருகிறோம்.” எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் இது விளங்கும். படிக்க இயலாதவருக்கு அண்டை வீட்டார் படித்துக் காட்டினாலும் விளங்கும்.

அப்படியாயின் எல்லாவற்றையும் எளிய பேச்சு நடையில் எழுதிவிடலாமா? கூடாது. நடவடிக்கைப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர் இன்று கூட்டத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர். பத்தாண்டு கழித்து வரும் தணிக்கையாளரும், வழக்கு நேர்ந்தால் நீதிபதியும், இன்னும் பிறவாத அங்கத்தினருமே அதன் வாசகர்கள். அவர்களுக்குக் கூட்டத்தின் சூழல் தெரியாது. ஆதலின் அங்கு நடை இறுக்கமாகவே இருக்கவேண்டும். ஆனால் இறுக்கம் வேறு, மூடுமந்திரம் வேறு. “நூல் இருப்பில் குறைவு காணப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது” என்னும் வாசகத்தை நாம் எத்தனையோ சங்கங்களில் படித்திருக்கிறோம். எத்தனை கிலோ குறைவு? கண்டவர் யார்? நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள்? செய்தவர் பெயரில்லாத வாக்கியம் பார்வைக்கு மரியாதையாக இருக்கும். பொறுப்பு மட்டும் அதன் இடுக்கு வழியே வெளியேறிவிடும்.

இன்று சங்கங்களில் கைபேசிக் குழுக்களும் வந்துவிட்டன. நூல் வந்திருக்கிறது, நாளை கூலி பட்டுவாடா என்பன போன்ற செய்திகளுக்கு அவை மிக நல்லவை. ஆனால் நிர்வாகக் குழுவினர் நால்வர் கைபேசியில் ‘சரி’ என்று பதிலிட்டதைக்கொண்டு கொள்முதல் செய்துவிட்டு, அதனைத் தீர்மானம் என்று நம்மிடம் காட்டிய சங்கமும் உண்டு. விரைவுக்கு ஏற்ற எழுத்து வேறு, நிலைத்து நிற்கும் எழுத்து வேறு.

எதிர்ப்பக்கத்தையும் கூறவேண்டும். நெசவாளி அம்மையார் ஒருவர் கூலி பாக்கி குறித்து மனுக் கொடுத்தார். இரண்டு பக்கம். கணவரின் நோய், மகளின் படிப்பு, பாவு ஓட்ட ஆளின்றித் தாம் படும் பாடு யாவும் படிப்பவர் கண் கலங்கும்படி எழுதியிருந்தார். எத்தனை சேலை நெய்து கொடுத்தார், எந்தத் தேதியில், வரவேண்டிய கூலி எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பது மட்டும் அதில் இல்லை. ‘விவரமில்லை’ என்று குறித்து அம்மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவருடன் அமர்ந்து அந்த நான்கு கேள்விகளைக் கேட்டோம். விடை எல்லாம் அவர் நாவிலேயே இருந்தன. தேதி கூடத் தவறவில்லை. பத்து வரியில் மனு முடிந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவருடைய துன்பம் எழுதத் தகாதது என்று நாம் கூறவில்லை. கணக்கு முன்னே நிற்கட்டும். துன்பம் அதற்குச் சாட்சியாகப் பின்னே வரட்டும். இதனை அவருக்குச் சொல்லித்தர வேண்டியது சங்கத்தின் கடமை. மனுவைத் திருப்பியவர் அந்நான்கு கேள்விகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலே போதும்.

பிறரைக் குறைகூறும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அலுவலகத்தின் மொழி மாறிற்று. எழுதும் பழக்கம் அவ்வளவாக மாறவில்லை. ஆங்கிலக் கோப்பின் நீண்ட வாக்கியம் தமிழ்ச் சட்டை அணிந்து வந்து அமர்ந்தது. அந்த நடையிலேயே நாமும் பயின்றோம். நமது ஆய்வறிக்கைகள் மேலதிகாரிக்கென எழுதப்படுகின்றன; அது முறையே. ஆனால் சங்கத்தின் உடைமையாளர் மேலதிகாரி அல்லர், அங்கத்தினரே. அவருடைய பங்குத் தொகை என்ன ஆயிற்று என்பதை அவருக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதி, பொதுச் சபையில் படிக்கச் செய்ய நாம் எத்தனை முறை முயன்றோம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செய்யத்தக்கவை இரண்டொன்று கூறுவோம். எந்த அறிவிப்பையும் பலகையில் ஒட்டுமுன் அங்கத்தினர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, “இனி நீங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேளுங்கள். அவர் விடை தவறாயின் திருத்த வேண்டியது அறிவிப்பை, அவரையன்று. தீர்மானம் எதுவாயினும் பெயர், தொகை, தேதி மூன்றும் இருத்தல் வேண்டும். பலகை, மனு, நடவடிக்கைப் புத்தகம் ஆகியவற்றில் நடை மாறலாம், மாறவும் வேண்டும், எண் மாறலாகாது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அச்சபையில் எல்லார்க்கும் இடமில்லை என்பது உண்மையே. அதனைப் பொற்காலம் என்று நாம் புகழவில்லை. ஆயினும் அவ்விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் வைக்காமல், சபை கூடும் மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணக்குக் காட்டுதல் என்பது விளங்கும்படி காட்டுதலே. விளங்காத எழுத்தில் காட்டிய கணக்கு, காட்டாத கணக்கே ஆகும். வரும் பொதுச் சபைக்கு அறிக்கை எழுத அமரும் செயலாளர்கள், பேனாவை எடுக்குமுன் தறியடியிலும் வரப்பிலும் இருப்பவரை ஒருகணம் எதிரே இருத்திப் பார்ப்பார்களாக.