வரிக்கு மருந்து, சோதனைக்கு உணவா?

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. குறைப்பைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. பிஸ்கட் 18-லிருந்து 5-க்கு வந்தது. பெரும்பாலான மருந்துகளும் 5 சதவீதத்தில் வந்து நின்றன. இதிலெல்லாம் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால், அந்த நீண்ட பட்டியலில் 2106 என்ற எண்ணுள்ள தலைப்பையும் 18-லிருந்து 5-க்கு இறக்கியிருக்கிறார்கள். ‘வேறெங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள்’ என்பது அதன் பெயர். தூக்கம் வரவில்லையா, மனம் படபடக்கிறதா, இதை விழுங்குங்கள் என்று விற்கப்படும் அமினோ அமிலக் காப்ஸ்யூல்கள் குடியிருப்பது அந்தத் தலைப்புக்குள்தான்.

ஆக, பதற்றத்துக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைக்கும் 5, விளம்பரம் எழுதித்தரும் காப்ஸ்யூலுக்கும் 5. வரியில் சமம். வேறு எதில் சமம்?

மருந்துக் கடைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். சோல்பிடெம், அல்பிரசோலம் போன்றவை எச்1 அட்டவணையில் உள்ளவை. சீட்டு இல்லாமல் தரக்கூடாது. தந்தால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மாத்திரை எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். (எத்தனை கடைகளில் இது ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை, விதி இருக்கிறது.) இரண்டடி தள்ளி, கண்ணைப் பறிக்கும் டப்பாவில் தியானின், டிரிப்டோபன், 5-எச்.டி.பி., கிளைசின், காபா. சீட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. கடைக்குக்கூடப் போக வேண்டாம். செல்பேசியில் தட்டினால் வீட்டுக்கே வரும். அவை சட்டப்படி உணவு.

இப்படி ஒரே தலைப்புக்குள் அடைபட்ட பண்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து வரி போட முடியாது என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பத் தேவையில்லை. பான் மசாலாவும் இதே 2106-க்குள்தான் வருகிறது. அதைத் தனியே உருவி 40 சதவீத வரிசையில் வைக்க, வரியைக் குறைத்த அதே ஜி.எஸ்.டி. கூட்டத்தில் முடிந்திருக்கிறது. மனம் வைத்தால் பிரிக்கத் தெரியும்.

இந்த வரிக் குறைப்பைவிட அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுதான் அதிகம் எரிச்சலூட்டுகிறது. 2016 டிசம்பரில் அரசிதழில் வெளியாகி, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஊட்டச்சத்து விதிகள் அமினோ அமிலங்களுக்கு அட்டவணையில் தனி இடம் கொடுத்தன. மாத்திரை, காப்ஸ்யூல், பொடி என எந்த வடிவத்திலும் விற்கலாம். லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். முன்பக்கத்தில் நிலா, நட்சத்திரம், கண் மூடிய பெண்ணின் படம், நிம்மதியான உறக்கம் பற்றிய வாக்குறுதி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இது மருத்துவத்துக்கு அல்ல என்ற கைகழுவல். நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் எந்தப் பக்கத்தைப் படித்து வாங்குவார் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாததா?

டிரிப்டோபனையே எடுத்துக்கொள்வோம். பால், முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. உடலுக்குள் அது 5-எச்.டி.பி. ஆகி, பிறகு செரடோனின் ஆகி, அதில் ஒரு பங்கு மெலடோனின் ஆகிறது. தூக்கத்தோடு அதற்குச் சொல்லப்படும் தொடர்பு இந்த வழியில் வந்ததுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு, கிலோ எடைக்கு 4 மில்லிகிராம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 240. சந்தையில் கிடைக்கும் காப்ஸ்யூல்களில் 500 மில்லிகிராம் சாதாரணம். ஒரு நாள் தேவையைப் போல இரண்டு மடங்கை, சாப்பாட்டோடு அல்லாமல் வெறும் வயிற்றில், மூளையின் வேதியியலை மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு விழுங்குவதற்கு உணவு என்று பெயர்.

இனி ஆபத்தான இடம். நம் ஊரில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவர்கள் அதிகம் எழுதுவது எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்செட்டின் வகை மாத்திரைகள். அவையும் செரடோனினைக் கூட்டுபவை. அவற்றோடு டிரிப்டோபனோ 5-எச்.டி.பி.யோ சேர்ந்தால் செரடோனின் எல்லை மீறலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தசை விறைப்பு, காய்ச்சல், குழப்பம் என்று போய், முற்றினால் உயிருக்கே உலை வைக்கும். இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஃப்ளூவோக்செட்டினும் டிரிப்டோபனும் சேர்த்து எடுத்த ஐந்து நோயாளிகளுக்கு வந்த தொந்தரவு 1986-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அந்த மாத்திரைகளின் தகவல் தாளில் டிரிப்டோபனோடு சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை என்று அச்சிட்டிருக்கும். டிரிப்டோபன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்கவும் என்ற பொத்தாம்பொதுவான வரிதான் பெரும்பாலும் கண்ணில் படும். எந்த மருந்து, என்ன ஆகும் என்ற பேச்சே கிடையாது.

அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் மருந்துகளோடு உண்டாகும் மோதல்களையும் பொருந்துமிடத்தில் லேபிளில் சொல்ல வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. பொருந்துகிறதா இல்லையா என்று முடிவு செய்வது யார்? விற்கிற நிறுவனமே. தன் பண்டத்தை வாங்க வருபவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் என்பது தெரிந்தும், அவர்களை விரட்டும் எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிட எந்த நிறுவனம் முன்வரும்? இன்னொரு கூட்டமும் உண்டு. மருத்துவர் தந்த மாத்திரைக்குப் பழகிவிடுவோமோ என்று பயந்து, அதைத் தாமாகவே நிறுத்திவிட்டு ‘இயற்கையான’ காப்ஸ்யூலுக்கு மாறுகிறவர்கள். அவர்களுக்கு அந்த டப்பாவில் ஒரு வரிகூட இல்லை.

இந்த டிரிப்டோபன் ஒருமுறை ஊரையே உலுக்கியிருக்கிறது என்பதை முடிவெடுப்பவர்களுக்கு யார் நினைவூட்டுவது? 1989 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிலருக்குத் தாங்க முடியாத தசைவலி. இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது டிரிப்டோபன் மாத்திரை. ஆல்புகெர்க்கி ஜர்னல் நிருபர் டமார் ஸ்டீபர் அதை வெளியே கொண்டுவந்தார். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடத்தைப் பின்தொடர்ந்தபோது அது ஜப்பானின் ஷோவா டென்கோ என்ற ஒரே உற்பத்தியாளரிடம் போய் நின்றது. நொதிக்க வைக்கும் பாக்டீரியா வகையை அந்த நிறுவனம் மாற்றியிருந்தது, சுத்திகரிக்கும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தது. இறந்தவர்களில் யாரும் விஷம் என்று நினைத்து அதை வாங்கவில்லை. தூக்கத்துக்காக, மனச்சோர்வுக்காக வாங்கினார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த நாடே 1994-ல் ஒரு சட்டம் போட்டு, விற்பனைக்கு முன் நிரூபிக்கும் பொறுப்பிலிருந்து சப்ளிமெண்ட் நிறுவனங்களை விடுவித்தது. பார்த்து எழுதுவதற்கு நம்மவர்களுக்குக் கிடைத்த விடைத்தாள் அது.

இந்த அமிலங்கள் எல்லாமே மோசடி என்று இந்தப் பத்திரிகை சொல்லவில்லை. தேயிலையில் உள்ள தியானினை நாளுக்கு 200 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில் (2019) மனஅழுத்த அறிகுறிகளிலும் தூக்கத்திலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டு, பதற்றநோய் உறுதியான 46 பேரிடம் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில் பதற்றத்தைத் தணிப்பதில் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. தூக்கமின்மைக்கு டிரிப்டோபனைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 பரிந்துரை. வடமேற்கு சிரியாவில் கோதுமை மாவில் லைசின் கலந்து ஏழைக் குடும்பங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தபோது ஆண்களிடம் பதற்றம் குறைந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. அது ரொட்டியில் சேர்த்தது, லைசின் குறைவாகக் கிடைக்கும் மக்களுக்குக் கொடுத்தது. உணவு என்றால் அதைச் சொல்லலாம். அறுபது காப்ஸ்யூல் அடைத்த டப்பாவை அல்ல.

டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கேரள மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. அவையும் இதே உணவு விதிகளின்கீழ் விற்கப்பட்டவைதான். விலை மலிவான கிளைசினைக் கலந்து நைட்ரஜன் கணக்கைக் கூட்டி, புரதம் அதிகம் இருப்பதாகக் காட்டுவது அந்தத் தொழிலில் பழைய வித்தை. அங்கே கலப்படப் பொருளாக இருக்கும் அதே கிளைசின் இங்கே தூக்கம் தரும் அற்புதமாக டப்பாவில் ஏறுகிறது.

நிறுவனங்களைக் குறை சொல்லி என்ன பயன்? காவல் காக்க வேண்டிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். 2013-ல் ஒவ்வொரு புதிய பண்டத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று வெறும் அறிவுறுத்தலை வைத்து உத்தரவிட்டார்கள். முறையாக விதி வகுக்காததால் மும்பை உயர் நீதிமன்றம் 2014-ல் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் 2015-ல் அதையே உறுதி செய்தது. முன் அனுமதி என்ற நல்ல யோசனை அவசரக் குடுக்கைத்தனத்தால் நீதிமன்றத்தில் செத்தது. அதற்கான வழக்கைத் தொடுத்ததும் ஒரு ஊட்டச்சத்து நிறுவனம்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். விவகாரம். வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்குத் தர வேண்டிய உப்புக் கரைசலின் பெயரைச் சர்க்கரைப் பானங்களின் மேல் போட்டுக்கொள்ள 2022 ஜூலையில் அனுமதித்தார்கள். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு வரி எழுதினால் போதுமாம். ஹைதராபாதின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி பல ஆண்டுகள் தனி மனுஷியாக மல்லுக்கட்டிய பிறகு 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. முன்பக்கத்தில் ஒரு பெயர், பின்பக்கத்தில் அதற்கு மறுப்பு. தூக்கக் காப்ஸ்யூலில் நடப்பதும் எழுத்துக்கு எழுத்து இதேதான்.

2024 ஆகஸ்ட் 21-ல் பாலில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்றார்கள். 26-ம் தேதி, போட்டால் போட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் எச்சரிக்கை அடையாளம் போட 2018-ல் சிவப்பு நிறம் சொல்லும் வரைவு வந்தது. அது போய் 2022-ல் நட்சத்திரம் கொடுக்கும் வரைவு வந்தது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் பரிசு கொடுக்கும் இந்தக் கற்பனை எங்கிருந்து பிறந்ததோ! ஊட்டச்சத்துப் பண்டங்களை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மாற்றலாமா என்று ஆராய 2024 தொடக்கத்தில் ஒரு குழுவும் போட்டார்கள். டப்பா இருந்த அலமாரியிலேயே இருக்கிறது. மாறியது வரி மட்டும்.

வரி போட்டது ஒரு சபை, விதி எழுதியது இன்னொரு ஆணையம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்களே என்று யாராவது கேட்கலாம். பொறுப்பை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றும் இந்த வசதியால்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. தூங்காமல் தவிக்கும் குடிமகனுக்கு எல்லாம் ஒரே தில்லிதான்.

இந்தக் குடிமகன் டப்பாவைத் தேடிப் போவது ஆசைப்பட்டு அல்ல. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை எட்டாதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை என்று சொன்னது. தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரையே அல்ல, நடத்தை வழிச் சிகிச்சைதான் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. மாவட்டத் தலைநகரைத் தாண்டிய ஒரு வட்டார ஊரில் அதைத் தருபவர் யார்? மருத்துவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத இடத்துக்குக் கூரியர் போகிறது. அதற்கு 13 சதவீதப் புள்ளி சலுகை வேறு.

உறக்கம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் பெயரில் விற்கப்படும் எதையும் பிஸ்கட்டோடு ஒரே கட்டில் வைக்காமல் பிரித்தெடுக்க வேண்டும். அதன் அளவுக்கும் தூய்மைக்கும் எச்சரிக்கைக்கும் விற்பனைக்கு முன்பே யாராவது பொறுப்பேற்க வேண்டும். அது மருந்துத் துறையா, உணவுத் துறையா, புதிதாக ஒன்றா என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நேரமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த ஜி.எஸ்.டி. கூட்டம் செப்டம்பர் 3, 4 என இரண்டு நாளுக்கு அறிவிக்கப்பட்டு, முதல் நாள் இரவிலேயே முடிந்துவிட்டது. மிச்சமான ஒரு நாள் கையில் இருந்தது.