பொதுமனை

இலண்டன் மாநகரின் தென்பால், சதர்க்குப் பகுதியில், ஜார்ஜ் விடுதி என்னும் பழமனை ஒன்று உளது. 1676-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்து, மறு ஆண்டே மீண்டெழுந்தது. குதிரைவண்டிகளில் வந்த வழிப்போக்கர்க்கு உணவும் படுக்கையும், குதிரைகட்குக் கொட்டிலும் அளித்தது. இருப்புப்பாதை பரவியபின் வண்டிகள் ஒழிந்தன. 1889-இல் புகைவண்டிக் குழுவினர் அதன் பெரும்பகுதியை இடித்தனர். எஞ்சிய ஒரு பக்கத்தை, அதன் மரநடைமாடங்களோடு, 1937 முதல் தேசிய அறக்கட்டளை காத்து வருகின்றது. இன்றும் ஆங்கு உணவும் மதுவும் விற்கின்றனர்.

“மது விற்கும் மனையைப் பேணுதல் தகுமோ?” என நண்பர் வினவலாம். மதுவை யாமும் வெறுக்கின்றோம். ஆயினும் ஆங்கிலர் இத்தகைய இல்லத்திற்கு இட்ட பெயரின் பொருள் மதுக்கடை அன்று, பொதுமனை என்பதே. அம்மனையை இடிப்பின் மது ஒழியாது. குடிப்போன் தன் வீட்டில் தனித்துக் குடிப்பான். அயலாரோடு அளவளாவுதலே ஒழியும். ஆகலின், குடியைக் குறைமின். கூடுமிடத்தைக் குலையன்மின் என்பதே எம் துணிபு.