சைக்கிள் குடுத்தாங்க, ரோடு?

போன சனிக்கிழமை எட்டு பேர் சேர்ந்து திண்டிவனம் - செஞ்சி - விழுப்புரம் - திண்டிவனம்னு சைக்கிள்ல ஒரு ரவுண்டு அடிச்சோம். 100 கிலோமீட்டருக்கு மேல. (பொட்டி தட்டுறவனுக்கும் கால் இருக்குங்க :-))

செஞ்சியில ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி, நடுவுல ரோடு. பாறையைப் பார்த்துக்கிட்டே மிதிச்சா கால்வலியே தெரியல. 2008-ல ஆரம்பிச்ச நீலகிரி சைக்கிள் டூர், கல்லட்டியோட 36 கொண்டை ஊசி வளைவுன்னு வழியெல்லாம் வாய்ச்சவடால் வேற.

விழுப்புரம் தாண்டி நாலுவழிச்சாலை வந்ததும் எல்லாரும் கப்சிப். லாரி உரசிக்கிட்டுப் போகுது. சர்வீஸ் ரோடு ஊரைத் தாண்டினதும் காணாமப் போயிடுது. விக்கிரவாண்டிக்கு முன்னாடி எதிர்ல ஒரு ஸ்கூல் பொண்ணு, அரசு குடுத்த சைக்கிள்ல. நம்மாளு ஒருத்தர், "ஏம்மா, ராங் சைடு!"ன்னு கத்தினார்.

"திரும்புறதுக்கு ரொம்ப தூரம் போணும்ணா. எங்க ஊரு இந்தா இருக்கு."

அந்தப் பொண்ணு சொன்னதுல என்ன தப்பு? எங்களுக்கு ஹெல்மெட், பின்னாடி வாழைப்பழத்தோட காரு. அதுக்கு கேரியர்ல புத்தகப்பை, அவ்ளோதான்.

'ஹைவேல சைக்கிளுக்கு என்ன வேலை'ன்னு கேக்குற கார்க்கார அண்ணாச்சிகளே, பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் விலையில்லா சைக்கிள் குடுக்குறோமே, அதை மொட்டைமாடியிலயா ஓட்டுவாங்க? காருக்கு நாலு வழி போட்டவங்களுக்கு, ஓரமா ரெண்டு மீட்டர் ஒதுக்கி நடுவுல ஒரு தடுப்பு வைக்க முடியாதா?

அடுத்த மாசம் ஏற்காடு போலாம்னு எங்க குரூப்ல பேச்சு. நான் வரலைன்னுட்டேன். அதே எட்டு பேரும் ஒருநாள் காலைல ஸ்கூல் நேரத்துக்கு விக்கிரவாண்டியில மிதிப்போம், வர்றீங்களான்னு கேட்டேன். இதுவரைக்கும் ரெண்டு பேர் சரின்னிருக்காங்க.