எந்த ஆண்டின் ஐ.எஸ்.? தலைமைப் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுப்பணித் துறைத் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

கட்டட வரைபடங்களின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: வேலை முழுவதும் உரிய ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) விதிகளின் அண்மைப் பதிப்புப்படி நடக்க வேண்டும். எந்த நாளில் அண்மை? வரைந்த நாளிலா, டெண்டர் போட்ட நாளிலா, கான்கிரீட் கொட்டும் நாளிலா? ஒப்பந்தம் இதைச் சொல்லாவிட்டால், அந்தச் சுமை தளத்தில் நிற்கும் உதவிப் பொறியாளர் தலையில் விழுகிறது.

ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறைந்துவிடும் 230 மி.மீ. தூணை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் கட்டமைப்புக்கான ஐ.எஸ். 13920-இன் 1993 பதிப்பு, உத்தரம் 5 மீட்டருக்கும் தூணின் உயரம் 4 மீட்டருக்கும் மேற்போகாத இடங்களில் 200 மி.மீ. அகலத்தையே ஏற்றது. 2016 பதிப்பு 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்றது. உத்தரக் கம்பி தடிமனானால் அதற்கும் மேலே கேட்டது. 2002-இலேயே ஐ.எஸ். 1893 சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்துவிட்டதால், ஐ.எஸ். 13920 நமக்கும் உரிய விதி.

2015-இல் வரைந்து 2017-இல் அடித்தளம் தோண்டிய ஒரு குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். தூண் பெருத்தால் அறை சுருங்கும், கணக்கீடு மாறும், அடித்தளமும் கம்பியும் மாறும். இதை வரைபட ஓரத்தின் ஒரு வரியால் செய்துவிட முடியாது. கூடுதல் செலவு யாருடையது என்று ஒப்பந்ததாரர் கேட்பார். தணிக்கைக்கு அஞ்சி யாரும் எழுத்தில் பதில் தரமாட்டார்கள். தூண் 230-லேயே எழும்பும். அதில் குடியேறும் குடும்பத்துக்கு இது எதுவும் தெரியாது.

பொருள்களின் கதை வேறு. 53 கிரேடு சிமெண்டுக்கான ஐ.எஸ். 12269, 2015-இல் ஐ.எஸ். 269-இல் இணைந்துவிட்டது. வரைபடம் இன்னும் பழைய எண்ணையே கேட்டால், மூட்டையில் அதைத் தேடிப் பயனில்லை. இங்கே புதிய பதிப்பை ஏற்பதுதான் சரி.

ஆகவே என் வேண்டுகோள்: வரைபடத்தின் முதல் தாளிலேயே ஒவ்வொரு விதியின் எண், ஆண்டு, திருத்த எண் மூன்றும் அட்டவணையாக வரட்டும். வடிவமைப்பு விதிகளுக்கு ஒரு தேதியை ஒப்பந்தமே நிர்ணயிக்கட்டும். பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் மாதிரி ஒப்பந்தமான 1999 மஞ்சள் நூல் இதைத் தெளிவாகச் செய்கிறது: டெண்டரின் கடைசி நாளுக்கு 28 நாள் முந்தைய தேதியில் எந்தப் பதிப்பு நடப்பிலிருந்ததோ அதுவே செல்லும், பிறகு விதி மாறினால் ஒப்பந்ததாரர் தெரிவிக்க வேண்டும், ஏற்பதென்று பொறியாளர் முடிவு செய்தால் அது ஒப்பந்த மாற்றமாகிப் பணமும் கால அவகாசமும் கணக்கில் வரும்.

பழைய பதிப்போடு நின்றுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உயிர்க்காப்பு தொடர்பான திருத்தம் வந்தால், தொடங்காத வேலைகளை வடிவமைப்புப் பிரிவு மறுபடி கணக்கிட வேண்டும். அந்தச் செலவைத் துறை ஏற்க வேண்டும். பாதி எழும்பிய கட்டடத்தில் என்ன செய்வது என்பதை 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் வடிவமைத்த பொறியாளர். உதவிப் பொறியாளர் அல்ல.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்