அட்லாண்டா: கட்டணமில்லாத வரலாறு கடைசியில் பார்ப்பதற்கா?

அமெரிக்காவின் தென்மாநிலப் பெருநகரமான அட்லாண்டாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது. மீன் காட்சியகத்துக்கும் கோகோ கோலா அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் எடுங்கள். பழைய ஊர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் எரிந்துவிட்டது. இலவச இடங்களை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பழைய ஊர் எரிந்துவிட்டது’

1864 நவம்பரில் வடமாநில ஜெனரல் ஷெர்மனின் படை கிளம்பும்போது ஊருக்குத் தீ வைத்தது உண்மை. ஆனால் 1850-இல் உருவான ஓக்லாந்து கல்லறைத் தோட்டம் அதற்குத் தப்பி, இன்று 48 ஏக்கரில் விரிந்திருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. தென்மாநிலப் படையில் போரிட்டு மாண்ட ஆயிரக்கணக்கானோர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. அடிமைகளாக வாழ்ந்து இறந்தவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. 1877-இல் அந்த இடம் வெள்ளையருக்குத் தேவைப்பட்டபோது, அங்கிருந்த உடல்களைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதே தோட்டத்தில்தான், 1973-இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேனார்ட் ஜாக்சனின் கல்லறையும் இருக்கிறது. நூறாண்டுக்குள் ஒரு நகரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இங்கே நடந்தே புரிந்துகொள்ளலாம்.

‘இலவசம் என்றால் அரைகுறையாகத்தான் இருக்கும்’

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரிலான தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதை நடத்துவது அமெரிக்க அரசின் தேசியப் பூங்காத் துறை. 1929 ஜனவரி 15 அன்று கிங் பிறந்த வீடு ஆபர்ன் அவென்யூவில் இருக்கிறது. அவருடைய தாய்வழித் தாத்தா, தந்தை, அவர் என மூன்று தலைமுறையும் போதகராக இருந்த எபனேசர் தேவாலயமும், அவரும் மனைவி கொரெட்டாவும் துயிலும் கல்லறையும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான். 1968-இல் இறுதி ஊர்வலத்தில் அவர் உடலைச் சுமந்துசென்ற மரவண்டி பார்வையாளர் மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே காந்தியின் சிலை நிற்கிறது. 1959-இல் இந்தியாவுக்கு வந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்தவர் கிங் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இங்கே கட்டணம் இல்லாததற்குக் காரணம் தரக்குறைவு அல்ல. மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் பொதுச் சொத்து இது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

‘குழந்தைகளுக்குச் சலித்துவிடும்’

வீட்டுக்கு எதிர்ப்புறம் கடை வைத்திருந்த வெள்ளையரின் மகன்தான் சிறுவயது கிங்கின் விளையாட்டுத் தோழன். இருவரும் வேறு வேறு பள்ளிகளில் சேர்ந்த பிறகு, இனி அவனோடு விளையாடக் கூடாது என்று அந்தச் சிறுவனின் பெற்றோர் தடுத்துவிட்டார்கள். அது நடந்த தெருவிலேயே நின்று இந்தக் கதையைச் சொன்னால் எந்தக் குழந்தை கேட்காமல் இருக்கும்? பக்கத்தில் 1894-இல் கட்டிய ஆறாம் எண் தீயணைப்பு நிலையத்தில் பழைய தீயணைப்பு வண்டியையும் பார்க்கலாம்.

1889-இல் கட்டி முடித்த ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்ப்பதும் இலவசம். அதன் கூம்புமாடத்தில் அந்த மாநிலத்தின் டலோனெகாவில் எடுத்த தங்கத்தால் தகடு வேய்ந்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் அருங்காட்சியகத்தில் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியைக் கண்டு பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். வெளியே வந்ததும் 1978-இல் வைத்த ஒரு சிற்பத்தைக் காட்டுங்கள். 1868-இல் தேர்தலில் வென்றும், கறுப்பர் என்பதற்காகச் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 33 பேரின் நினைவுச் சின்னம் அது. ஜெயித்தவர்களை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அங்கே போக வேண்டும்.

‘கார் இல்லாமல் முடியாது’

முடியும். மார்ட்டா ரயிலில் ஜார்ஜியா ஸ்டேட் நிலையத்தில் இறங்கினால் சட்டமன்றம் அருகில். அடுத்த நிலையமான கிங் மெமோரியலிலிருந்து ஓக்லாந்துக்கும் ஆபர்ன் அவென்யூவுக்கும் நடந்தே போகலாம். சில எச்சரிக்கைகள் தேவை. சட்டமன்றக் கட்டடத்துக்கு வார நாட்களில் போக வேண்டும். கிங் பிறந்த வீட்டில் பழுதுபார்ப்பு வேலை நடக்கும் காலத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும் இடங்களுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். மீன் காட்சியகம் வேறு நகரங்களிலும் இருக்கும்; கிங் பிறந்து வளர்ந்த தெரு அட்லாண்டாவில் மட்டும்தான் இருக்கிறது. முதல் நாளை அதற்கு ஒதுக்குங்கள். மிஞ்சும் நேரத்தையும் பணத்தையும் மற்றவற்றுக்குச் செலவிடுங்கள்.